தெளிவுத் துறையும் கூவாக்குளத்துக் கரையும்

வரைபடம் எழுதியவர்கள் மை தீர்ந்துபோய் விட்டுவிட்ட நாடு ஒன்று உண்டு. விளம்ப நாடு என்று பெயர். நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், தடுப்பார் யாருமில்லை.

அதன் தென்கோடியில் கூவாக்குளம். அந்தக் குளத்தின் மடையைத் திறந்து மூடுவது ஒச்சம்மாவின் வேலை. மழைக்காலத்துக்கு இருபது நாள் இருக்கையில், கரையில் ஆள் நுழையுமளவு ஓர் ஓட்டையைக் கண்டாள். மழை வந்தால் கரை போகும். கரை போனால் ஊர் போகும். ஊரில் முதலில் போவது அவள் வீடு. அரண்மனைக்கு ஓலை எழுதினாள்: "கரையில் ஓட்டை. மழைக்கு முன் முப்பது ஆள் வேண்டும்."

இதைவிடத் தெளிவாக யாராலும் எழுத முடியாது. ஆனால் அந்த வாரம்தான், அலுவல் ஓலைகள் குழப்பமாக இருக்கின்றன என்று அரசர் தெளிவுத் துறையை நிறுவியிருந்தார். செம்பொருள்நாதர் அமைச்சரானார். அவர் பேசியது அதுவரை எவருக்கும் புரிந்ததில்லை. எனவே தெளிவின் அருமை அவருக்குத்தான் தெரியும் என்பது அரசரின் கணிப்பு.

முதல் ஆணை: ஒவ்வோர் ஓலையின் படியும் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் போக வேண்டும். சம்பந்தப்பட்டவர் யாரென்று தெரியாததால் எல்லோருக்கும் போயிற்று. ஒச்சம்மாவின் ஓலை நாற்பத்தெட்டு அதிகாரிகளை அடைந்தது. ஒவ்வொருவரும் "கண்டேன்" என்று எழுதி, மற்ற நாற்பத்தேழு பேருக்கும் ஒச்சம்மாவுக்கும் அனுப்பினார்கள். யானைக் கொட்டில் அதிகாரி மட்டும், "எனக்கு ஏன் இது?" என்று எல்லோரையும் கேட்டார். "எனக்கும் வேண்டாம்" என்று எல்லோரும் எல்லோருக்கும் பதில் எழுதினார்கள்.

ஐந்தாம் நாள் ஓலை வண்டிக்காரர் மொக்கையன் வந்து நின்றார்.

"ஒச்சம்மா, ஒனக்கு ஓலை வந்திருக்கு."

"குடுங்கண்ணே."

"குடுக்கிறதா? தள்ளி நில்லு தாயி, வண்டியக் கவுக்கணும்."

குவியலைப் பார்த்து அவள் கேட்டாள்: "ஆளு எப்ப வருதுன்னு எதுலயாச்சும் போட்டிருக்கா?"

"கொட்டில்காரரு கண்டாராம், சமையக்காரரு கண்டாராம். ஓட்டையத்தான் ஒருத்தரும் காணல."

இரண்டாம் ஆணை: அவசர ஓலைக்குச் சிவப்பு நூல் கட்டுக. மறுநாளே எல்லா ஓலையிலும் சிவப்பு நூல். ஆகவே மெய்யான அவசரத்துக்கு இரண்டு நூல் என்றார்கள். அரசரின் கிளிக்குப் பெயர்சூட்டும் விழா அழைப்பு ஒன்பது நூலோடு வந்தது. ஒச்சம்மாவின் ஓலைக்கு ஒரே நூல். அதைச் "சாவகாசமானவை" என்ற மூலையில் போட்டார்கள். இதற்குள் நாட்டின் பனைகளெல்லாம் மொட்டையாகிவிட்டன. வேய ஓலையில்லாத கூரைகள் வானத்தைப் பார்த்தன.

பொறுக்க மாட்டாமல் ஒச்சம்மா நேரே அரண்மனைக்குப் போய்ச் செம்பொருள்நாதர் முன் நின்றாள்.

"ஐயா, கரையில ஓட்டைங்க."

"அம்மணி, வாய்மொழியே குழப்பத்தின் பிறப்பிடம். ஓலை எங்கே?"

"பதினாலு நாளாச்சுங்க அனுப்பி. அந்தா, ஒங்க முதுகுக்குப் பின்னாலதான் கெடக்கு."

அமைச்சர் திரும்பவில்லை. திரும்புவது நடைமுறையில் இல்லை. "உம்மைப் போன்றோர் காத்திருக்கலாகாது. மூன்றாம் ஆணை இடுகிறோம். இனி ஓலை வந்ததும், படிப்பதற்கு முன்பே பதில் புறப்படும்."

"படிக்காம என்னன்னுங்க பதில் போடுவீக?"

"'கவனத்தில் உள்ளது' என்று."

ஆணை அன்றே நடைமுறைக்கு வந்தது. ஓர் அலுவலகத்தின் "கவனத்தில் உள்ளது" இன்னோர் அலுவலகத்துக்குப் போக, அங்கிருந்தும் "கவனத்தில் உள்ளது" என்று பதில் புறப்பட்டது. எல்லாவற்றின் படியும் ஒச்சம்மாவுக்கு. அவள் ஊர் திரும்பியபோது பதினொரு வண்டிகள் வாசலை அடைத்து நின்றன. வானம் கறுத்திருந்தது.

அவள் ஓட்டையைப் பார்த்தாள். வண்டிகளைப் பார்த்தாள்.

"மொக்கையண்ணே, வண்டிய இங்க கவுக்காதீக. கரைக்கு விடுங்க."

ஊரே திரண்டது. ஓலைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, களிமண் அப்பி, ஓட்டைக்குள் திணித்து மிதித்தார்கள். மறுநாள் பிடித்த மழை ஆறு நாள் விடவில்லை. கரை அசையவில்லை. அரசின் கவனம் அத்தனையும் ஓரிடத்தில் இருந்தது அதுவே முதல் முறை.

மழை ஓய்ந்ததும் அரண்மனையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒச்சம்மா எண்ணினாள். சரியாக முப்பது.

"அரசு ஓலைகள் அரசின் உடைமை. திருப்பி எடுத்துப்போக வந்திருக்கிறோம்" என்றான் அவர்களின் தலைவன்.

"தாராளமா எடுத்துக்கங்க ராசா. ஆனா இப்ப உருவுனா கொளம் ஒங்க தலையிலதான் விழும். மொதல்ல அதுக்கு அணைப்பா மண்ணக் கொட்டி ஒரு கரையப் போடுங்க. மம்பட்டி அங்கன கெடக்கு."

எட்டு நாளில், இரண்டு வண்டி எதிரெதிரே போகலாம் என்கிற அகலத்தில் புதுக்கரை எழுந்தது. அதற்குள் ஓலைகள் எந்த ஆழத்தில் இருக்கின்றன என்று எவருக்கும் தெரியவில்லை. தலைவன் வழிகாட்டல் கேட்டு ஓலை அனுப்பினான். "கவனத்தில் உள்ளது" என்று உடனே பதில் வந்தது. முப்பது பேரும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனார்கள்.

'தெளிவுத் துறை கட்டிய கரை' என்று அங்கே கல் நட்டிருக்கிறார்கள். ஒச்சம்மா அதில் ஆட்டைக் கட்டுகிறாள். இந்த வெற்றியை நாடெங்கும் பரப்ப, ஓட்டையில்லாத குளங்களில் உடனே ஓட்டை போடுமாறு நாலாம் ஆணை பிறந்ததாகக் கேள்வி. ஊர்கள் கலங்கவில்லை. அந்த ஆணையும் முதலில் நாற்பத்தெட்டுப் பேருக்குத்தான் போயிருக்கிறது. "கண்டேன்" இன்னும் வந்துகொண்டிருக்கிறது.