பலாமரத்தடியில் நின்ற பினாங்கு வண்டி

கொல்லிமலைச் சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கயிறு பிடித்து அளந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். சாலை போட்டவர்கள் கருவிகளைக் கொண்டு அளந்திருப்பார்கள். மிளகு பாய் தேங்காய் நார்க் கயிற்றால் அளந்தார். அந்தக் கயிற்றின் நீளமும், அப்போது பினாங்கில் நின்றுகொண்டிருந்த ஒரு வண்டியின் நீளமும் ஒன்று.

பாய்க்கு அடிவாரத்து ஊரில் மிளகுக் கடை. தை பிறந்ததும் மலையேறி, எங்கள் ஊரைச் சேர்த்துச் சில சிற்றூர்கள் கொண்ட அரியூர் நாட்டுக்கு வருவார். எங்கள் களத்தோரக் கொட்டகையில் தங்கி, பங்குனி முடியும்வரை மிளகு வாங்கிவிட்டு இறங்குவார். முப்பது ஆண்டுகளாக இதுதான் வழக்கம். எதையும் கடித்துப் பார்த்துத்தான் நம்புவார். ஒரு மணியைக் கடித்தால், அது அரியூர் நாட்டு மிளகா பக்கத்துப் பைல் நாட்டு மிளகா, எத்தனை வெயில் கண்டது என்று சொல்லிவிடுவார். பாத்திரக்காரரிடம் கரண்டியைக் கடித்துப் பார்த்து வாங்கியதை நானே கண்டிருக்கிறேன்.

இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய காலம் அது. நான் கீழே கல்லூரி விடுதியில் தங்கி ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் ஊருக்குப் போகும் பேருந்துக்காக பாயின் கடையில் காத்திருப்பேன். கடையின் பின்கட்டுதான் வீடு. பாயின் மனைவியை எல்லோரும் பாயம்மா என்பார்கள். கடையில் யார் இருந்தாலும் அவர் குரலைத் தாழ்த்துவதில்லை.

"மூனு மாசம் மலையில என்னங்க வேல? மொளகு வாங்க மூனு நாளு போதாதா? அங்க இன்னொரு ஊடு வச்சிருக்கீங்க."

"வந்து பாரு புள்ள."

"பகல்ல வந்து பாத்துட்டு எறங்குனா, ராத்திரிக்கு இல்லைன்னு ஆயிருமா? தங்கித்தான் பாக்கோணும். அடுத்தவ ஊட்டுல நான் தலைய சாய்க்க மாட்டேன்."

இது வெறும் பேச்சன்று. பெற்ற மகள் வீட்டில்கூட அவர் ஓர் இரவு தங்கியதில்லை. தம் கட்டிலும் அடுப்பும் இல்லாத இடம் அவருக்கு ஊரே அன்று. முப்பது ஆண்டுச் சந்தேகம் தீர வேண்டுமானால், ஒன்று பாயம்மா மாற வேண்டும், அல்லது வீடு மலையேற வேண்டும். பாய் இரண்டாவதே எளிது என்று முடிவு செய்தார்.

பினாங்கில் அவருடைய தம்பி இருபது ஆண்டு இருந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பவிருந்தார். அப்படித் திரும்புகிறவர் தாம் ஓட்டிய வண்டியைக் கொண்டுவர வழி உண்டு என்று யாரோ சொன்னார்கள். தம்பியிடம் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி ஒன்று இருந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி, மேலே உயர்ந்த கூரை. பாய் அதன் நீள உயரங்களைக் கடிதத்தில் வரவழைத்தார். தை மாதமே கயிற்றை எடுத்துவிட்டார்.

ஒரு முனையை என் அப்பாவும் மறுமுனையை பாயும் பிடித்துக்கொண்டு அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து வளைவு வளைவாக ஏறினார்கள். இருபத்திரண்டாம் வளைவில் பேருந்து ஒன்று மறிபட்டது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"ஏனுங்க பாய், பஸ்ஸப் புடிச்சுக் கட்டப் போறீங்களா?"

"வண்டி ஒன்னு வருதுங்க. திரும்புமான்னு பாக்கறேன்."

"எங்க வந்துட்டிருக்குது?"

"பினாங்குல."

ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

எழுபதும் அளக்க இரண்டு நாளாயிற்று. பிறகு வண்டியின் உயரத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி, மலைமேல் இருக்கும் செம்மேட்டிலிருந்து எங்கள் களம்வரை அதை நிமிர்த்திப் பிடித்தபடி நடந்தார். வழியில் எங்கள் பலாமரத்தின் பெரிய கிளை ஒன்று பாதையின் குறுக்கே போகிறது. அதற்கும் மூங்கிலுக்கும் இடையே ஒரு சாண் மிச்சம் இருந்தது. "தாராளம்" என்றார் பாய்.

காகித வேலை என்னிடம் வந்தது. "இலக்கியம் படிக்கிற புள்ள, இதப் படிக்க மாட்டியா?" என்று சுங்கப் படிவங்களை நீட்டினார். வண்டி தம்பியின் பெயரில்தான் வர வேண்டும். அதற்குள் ஊர் வந்துவிட்ட தம்பிக்கோ எழுத்து வேலை ஆகாது. நான் அகராதியும் அளவுகோலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே இருக்கும் அடுப்பும் கட்டிலும் வண்டியின் பாகமா, வீட்டுப் பொருளா என்று ஒரு கேள்வி இருந்தது.

"ஓடுனா வண்டி. சோறாக்குனா ஊடு. ரெண்டுந்தான்னு எழுது கண்ணு."

"அப்படி எழுதக் கூடாதுங்க பாய்."

"உள்ளத எழுதறதுக்கு என்ன?"

"உறங்கும் வசதி பொருத்தப்பட்ட வாகனம்" என்று எழுதினேன். அடுத்த கட்டம், இறக்குமதியின் நோக்கம்.

"என் ஊட்டுக்காரிக்கு மலையக் காட்ட. போடு சாமி."

"சொந்த உபயோகம்" என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடும் போட்டேன். பாய் அதை வெகுநேரம் பார்த்தார்.

சித்திரையில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தது. மற்றவை எல்லாம் சரி, ஆனால் இணைப்பில் குறிப்பிடப்பட்டுள்ள பெண்மணிக்கும் இவ்வாகனத்துக்கும் உள்ள தொடர்பு யாது என்று கேட்டிருந்தார்கள். நான் எந்த இணைப்பும் வைக்கவில்லை. பாயைக் கேட்டேன். தபாலில் சேர்க்கும் முன் தம் கைப்படத் தமிழில் ஒரு தாள் எழுதி உள்ளே வைத்துவிட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதில் பாயம்மாவின் மூட்டுவலி முதல் அவருக்கு அடுத்தவர் வீட்டில் தூக்கம் வராதது வரை எல்லாம் இருந்ததாம்.

அவர்கள் கேட்ட கேள்வியை மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"நல்ல கேள்விதான் கேட்டிருக்காங்க" என்றார்.

பெண்மணிக்கும் வாகனத்துக்கும் தொடர்பில்லை என்று நான் விளக்கம் எழுதி, அது போய்ச் சேர்ந்து, வண்டி வெளியே வரும்போது வைகாசி பிறந்துவிட்டது. சென்னைக்குப் போன பாய், கதவோரத்து ரப்பரைக் கடித்துப் பார்த்து, "கொஞ்சம் காஞ்சிருக்குது, ஆனா சரக்கு நல்ல சரக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்திடத் தம்பியை அனுமதித்தாராம்.

பாயம்மாவை முன்னிருக்கையில் உட்காரவைத்து, தம்பியைப் பின்கட்டிலில் படுக்கவிட்டு, பாயே ஓட்டிவந்தார். எழுபது வளைவுகளிலும் வண்டி ஒருமுறைகூடப் பின்வாங்காமல் திரும்பிற்று. கயிறு பொய் சொல்லவில்லை. செம்மேடு தாண்டி, எங்கள் பலாமரத்தடிக்கு வந்ததும் வண்டி நின்றது.

முப்பது ஆண்டு மலையேறிய பாய், மிளகுப் பருவம் தவிர வேறு பருவத்தில் மலையைப் பார்த்ததே இல்லை. தை மாதத்தில் அந்தக் கிளையில் விரலளவுப் பிஞ்சுகள்தாம் இருந்தன. இப்போது பானை பானையாகப் பதினோரு பலாக்காய்கள் தொங்கின. வண்டியின் கூரைக்கு நேராக மூன்று.

பாய் கீழே இறங்கி, காய்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கடிக்க வழியில்லை. அப்பாவும், விடுமுறைக்கு ஊரில் இருந்த நானும் ஓடிவந்தோம்.

"கவுண்டரே, இந்த மூனையும் அறுத்துரலாமுங்களா?"

"அது ஆவாதுங்க பாய். இந்த மரத்துல மொதப் பழம் கோயிலுக்குப் போவாம ஒருத்தரும் கை வைக்க மாட்டோம். பழுக்க எட்டு நாளாவுமுங்க."

பாயின் முகம் வாடிவிட்டது. கொட்டகை இன்னும் அரை மைல் தொலைவில் இருந்தது. பாயம்மா கண்ணாடியை இறக்கினார்.

"நான் வாரேன்னு தெரிஞ்சு, அவ மரத்த வச்சு மறிச்சுட்டாளாக்கும்."

பின்னோக்கி எடுத்துச் செம்மேட்டில் நிறுத்தலாம் என்றார் தம்பி. பாயம்மா சம்மதிக்கவில்லை. "என் ஊடு எங்க நிக்குதோ அங்க நான் இருந்துக்கறேன்" என்று உள்ளே போய் உலை வைத்தார். பாய் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு தூரம் கொண்டுவந்து அரை மைல் தொலைவில் தோற்ற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை என் அம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொண்டு போனார். அம்மாவுடன் பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேர். வண்டியைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்று நினைத்தேன். அம்மா வாசற்படியில் நின்று, "எடது முட்டி இப்பத் தேவலைங்களா?" என்று கேட்டார்.

பாயம்மா கரண்டியோடு திரும்பினார்.

"கருவாட்டுக் கொழம்புக்கு மாங்கா எப்பப் போடுவீங்க? கொதிக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார் இன்னொருவர். "பாய் ஒரு வருசம் ஒன்னு சொல்றாருங்க, அடுத்த வருசம் மாத்திச் சொல்றாரு."

"சின்ன மருமவ இப்பப் பேசறாளுங்களா?" என்றார் மூன்றாமவர்.

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?" என்றார் பாயம்மா.

"வேற யாருங்க? ஒரு வள்ளம் மொளகு அளந்து கொட்டறதுக்குள்ள உங்களப் பத்தி ஒம்பது கத. வள்ளம் நெறஞ்சாலும் வாய் நிக்காது."

நான் பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கல்லில் உட்கார்ந்தபடி பலாமரத்தை மிகவும் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பாயம்மா நடந்தே வந்தார். அரை மைல், மூட்டுவலியோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு. களத்தோரக் கொட்டகையில் ஒரு கோரைப்பாய், ஒரு கெண்டி, தராசு, சட்டை மாட்ட ஒரே ஓர் ஆணி. அவர் எல்லா மூலைகளையும் பார்த்தார். ஆணியைத் தொட்டும் பார்த்தார்.

"இந்த ஒத்த ஆணிக்காவா முப்பது வருசம் சண்ட போட்டேன்?"

வெளியே நின்ற பாய், "நான்தான் சொன்னனே புள்ள" என்றார்.

"நீங்க எங்க சொன்னீங்க? என் முட்டியப் பத்தி மலை பூராச் சொல்லியிருக்கீங்க. என்கிட்ட ஒன்னும் சொன்னதில்லை."

எட்டாம் நாள் முதல் பழம் கோயிலுக்குப் போயிற்று. அன்று மாலையே மற்ற இரண்டையும் அப்பா இறக்கிவிட்டார். வழி திறந்தது. பாய் இன்ஜினைக் கிளப்பினார். பாயம்மாவோ, பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, இனி இறங்கலாம் என்றார். வண்டி பலாமரத்தைத் தாண்டவே இல்லை. அடுத்த தையில் பாய் வழக்கம்போலப் பேருந்தில்தான் வந்தார். மூன்று மாதம் தங்க வேண்டியவர் இருபதே நாளில் இறங்கிவிட்டார். கேட்டதற்கு, மிளகு அந்த ஆண்டு சீக்கிரம் காய்ந்துவிட்டது என்றார்.

நான் அதன் பிறகு எத்தனையோ படிவங்களை நிரப்பிவிட்டேன், எனக்கும் பிறருக்கும். நோக்கம் என்ற கட்டம் வரும்போதெல்லாம் பேனா சற்று நிற்கிறது. பாயின் படிவத்தில் எல்லாக் கட்டங்களையும் பிழையில்லாமல் நான்தான் நிரப்பினேன். அந்த ஒன்றை மட்டும் அவர் சொன்னபடியே எழுதியிருக்கலாம்.