மாப்பிள்ளையின் லேப்டாப்பை வேகப்படுத்திய வகையில்

கோம்பை,
ஆவணி மாதம், 2008

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை விஜய்பாண்டி அவர்களுக்கு,

உங்கள் மாமனார் கர்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் அத்தை பாண்டியம்மாளும், திராட்சைப் பந்தலும், நாயும் சௌக்கியம். அங்கே ஸ்வீடனில் நீங்களும் நதியாவும் சௌக்கியமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமைதோறும் கம்ப்யூட்டரில் பாதி பாதியாகப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை வீட்டு விலாசத்துக்குப் போடாமல் உங்கள் ஆபீசுக்குப் போடுவதற்குக் காரணம் உண்டு. நதியா கண்ணில் பட்டால், "அந்த லேப்டாப்பை அப்பா என்ன பண்ணாரு?" என்று உங்களைக் குடைவாள். நான் என்ன பண்ணினேன் என்பது ஆண்பிள்ளைகள் நமக்குள் இருக்கட்டும்.

நீங்கள் இருவரும் புறப்பட்ட அன்றைக்கு, "மாமா, பழசுதான், ஆனா ஓடும்" என்று சொல்லி உங்கள் லேப்டாப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். ஓடத்தான் செய்தது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு சாயங்காலம் நதியா கூப்பிடுவாள், நானும் உங்கள் அத்தையும் மேஜைக்கு முன்னால் தோளோடு தோள் இடிக்க உட்காருவோம், அவள் முகம் வரும், "என்னம்மா, சாப்டீகளா" என்பாள், ஒரு சிரிப்புச் சிரிப்பாள், அந்த இடத்தில் படம் நின்றுவிடும். பேச்சும் நின்றுவிடும். சிரித்த வாய் சிரித்தபடி, காதோரத்து முடி காதோரத்திலேயே நிற்க, அவள் எங்கள் முன்னால் அசையாமல் இருப்பாள். அந்தப் பக்கம் அவள் இணைப்பைத் துண்டிப்பாள். அவள் மறுபடி கூப்பிடுவாள், பேசுவாள், மறுபடி நிற்பாள். இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த மெஷினுக்கு நல்ல ரசனை. ஒரு தடவைகூட அவள் கண்ணை மூடியபோதோ, கொட்டாவி விட்டபோதோ நிறுத்தியதில்லை. எப்போதும் லட்சணமான இடமாகப் பார்த்துத்தான் நிறுத்தும். இருந்தாலும் மாப்பிள்ளை, பெற்ற மகளை இரண்டு வருஷமாகத் தொட்டுப் பார்க்காதவனுக்கு அவள் நடமாட்டத்தையாவது முழுசாகப் பார்க்க வேண்டும் என்று இருக்காதா? எனக்கு இருந்தது. ரொம்பவே இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து நம் தோட்டத்து மோட்டாரைக் கழற்ற ஒச்சாண்டி வந்தான். உத்தமபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். இப்போது கடையைப் பாதியாகத் தடுத்து, அந்தப் பக்கம் கம்ப்யூட்டரும் பார்க்கிறான். கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து பார்த்தான்.

"அண்ணே, இதோட பிராசசரு கெழடு. ஆனா இதுக்கு உள்ளுக்குள்ள ஒரு துடிப்பு இருக்கு. இம்புட்டுத்தான் துடிக்கணும்னு கம்பெனிக்காரன் கட்டி வச்சிருக்கான். கட்ட அவுத்துவிட்டா அதுக்கு மேலயும் ஓடும். ஓவர்கிளாக்கும்பாக."

"ஆபத்து உண்டாப்பா?"

"சூடேறும். அத நீங்க பாத்துக்கங்க. இங்கன இந்த நெட் வயரு கிளிப்பும் ஒடிஞ்சிருக்கு, தொட்டாக் கழண்டுக்கிரும். மாத்திவிடவா?"

"அந்தச் சின்ன விஷயமெல்லாம் கிடக்கட்டும், நீ பெரிய விஷயத்தைப் பார்" என்றேன். உங்கள் அத்தை கீரை ஆய்ந்துகொண்டே, "இப்ப என்ன அவசரம், அது போற போக்குல போகட்டுமே" என்றாள். விஞ்ஞானத்தில் அவளுக்கு ஈடுபாடு கம்மி என்பது உங்களுக்கும் தெரியும். ஒச்சாண்டி ஒரு சாஃப்ட்வேரைப் போட்டான். திரையில் ஒரு கோடு, அதில் ஒரு பொத்தான். பொத்தானை வலது பக்கம் தள்ளினால் வேகம், இடது பக்கம் தள்ளினால் பழைய கதி. இவ்வளவுதான் சமாச்சாரம்.

முதல் தள்ளலிலேயே பலன் தெரிந்தது. முன்பெல்லாம் லேப்டாப்பைப் போட்டுவிட்டு, நான் முகம் கழுவித் துண்டை உதறிக் கொடியில் போட்டுத் திரும்பி வந்தால்தான் அது கண் விழிக்கும். இப்போது முகத்தில் தண்ணீர் படும் முன்னே விழித்துக்கொண்டது. அந்தச் சந்தோஷத்துக்காகவே அதைத் திறப்பதும் மூடுவதுமாகப் பொழுதைக் கழித்தேன். சூடு ஏறியது உண்மைதான். தபால்காரரையே கேட்டுக்குள் விடாத நம் நாய், தானாக வந்து மேஜைமேல் தாடையை வைத்து லேப்டாப்போடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடியது. ஞாயிறு வந்தது. நதியா வந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ பார்த்துச் சிரித்தாள். நின்றுவிட்டாள். போதாது என்று பொத்தானை இன்னும் தள்ளினேன். லேப்டாப் திரை நீல நிறமாகி, இங்கிலீஷில் என்னவோ சொல்லிவிட்டு அணைந்தது. ஒச்சாண்டிக்கு போன் போட்டால், "சூடுண்ணே. குளுமையான எடமாப் பாத்து வச்சு ஓட்டுங்க" என்றான்.

நம்மிடம் திராட்சைப் பந்தலைவிடக் குளுமையான இடம் ஏது? பம்ப் ரூமிலிருந்து வயர் இழுத்து, பந்தலுக்கு அடியில் ஸ்டூல் போட்டு, ஈரச் சாக்கின்மேல் ஒரு தாம்பாளம், தாம்பாளத்தின்மேல் லேப்டாப் என்று வைத்து உட்கார்ந்தேன். மத்தியானம். வெயில் இலை வழியாகப் பச்சையாகத்தான் இறங்கும், உங்களுக்குத் தெரியும். மேலே காய்கள் கறுக்கத் தொடங்கியிருக்கின்றன. கணவாய்ப் பக்கமிருந்து காற்று நிற்காமல் வந்தது. பொத்தானைத் தள்ளிக்கொண்டே இருந்தவன் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. வேகம் ஏற ஏற நதியா முதலில் நிற்காமல் பேசினாள். பிறகு நான் கேட்கும் முன்னே பதில் சொன்னாள். இன்னும் ஏற்றினேன், அடுத்த ஞாயிறு பேச வேண்டியதை அப்போதே பேசி முடித்துவிட்டாள். இன்னும் ஏற்றினேன், வாசலில் பெட்டியோடு நின்று, "அப்பா, கேட்டத் தொறங்க, நாயப் பிடிங்க" என்றாள். நாயைப் பிடிக்க எழுந்தேன். முகத்தில் சில்லென்று மழை. கண்ணைத் திறந்தால் மழை நீல நிறமாக இருக்கிறது. அடுத்த வரிசையில் சின்னச்சாமி, நான் இருப்பது தெரியாமல், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிக்கு மருந்தடித்துக்கொண்டிருக்கிறான்.

"அண்ணே, நீங்க இங்கனயா இருக்கீக?" என்று அவன் பதறி, தன் தலைத்துண்டாலேயே என்னையும் லேப்டாப்பையும் துடைத்துவிட்டான். கீபோர்டில் சில எழுத்துகள் இன்றைக்கும் நீலமாகத்தான் இருக்கின்றன. பார்க்க அழகாகவே இருக்கிறது. நோய் எதுவும் தாக்காது என்று சின்னச்சாமி உறுதி சொல்கிறான்.

அடுத்து நான் செய்ததை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். லேப்டாப்பை ஒரு போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு மேகமலைக்குப் போனேன். குளிரில் வைத்து முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டால் குறை சூட்டிலா, மெஷினிலா என்று தெரிந்துவிடும் அல்லவா? வீட்டில், சின்னமனூர் உரக்கடைக்குப் போகிறேன் என்று சொன்னேன். உங்கள் அத்தை என் கையிலிருந்த ஸ்வெட்டரைப் பார்த்து, "உரக்கடையில குளிருமோ?" என்று மட்டும் கேட்டாள். மலைமேல் அக்கம்மாள் என்று ஒரு பெண்பிள்ளை டீக்கடை வைத்திருக்கிறது. அங்கே கரண்ட் கேட்டு வாங்கி, வெளிப் பெஞ்சில் வைத்துப் பொத்தானைக் கடைசிவரை தள்ளினேன். ஓடியது மாப்பிள்ளை. அணையவே இல்லை. அக்கம்மாள் டீயை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தது.

"இங்கன நெட்டும் கெடையாது, போனும் எடுக்காது. இம்புட்டு வேகமா ஓடி இது எங்கனண்ணே போகும்?"

அந்த நேரம் மூட்டம் இறங்கியது. முதலில் எதிர்ச் சரிவுத் தேயிலை போனது, பிறகு ரோடு போனது, பிறகு கடையும் அக்கம்மாளும் போய், நானும் லேப்டாப் வெளிச்சமும் மட்டும் மிச்சம் இருந்தோம். அதில் உங்கள் கல்யாணப் போட்டோக்களை ஓடவிட்டேன். சர சரவென்று ஓடின. மாலை மாற்றியது, தாலி கட்டியது, பந்தி, வழியனுப்பியது எல்லாம் ஒரு வாய் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரமா போனாள் என்று இருந்தது. கண் கலங்கியது என்று எழுத மாட்டேன், மூட்டத்தில் எல்லாமே ஈரமாகத்தான் இருந்தது. லேப்டாப்பும் ஈரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பிடித்தபோது நீல நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் வந்தது.

ஆனால் விடை கிடைத்துவிட்டது. குளிர்ந்தால் ஓடும். ஆகவே போன ஞாயிறு ஜன்னலை முழுக்கத் திறந்து காற்றை உள்ளே விட்டு, அடியில் காற்றோட்டத்துக்காக லேப்டாப்பை இரண்டு டபராக்களைக் கவிழ்த்து அவற்றின்மேல் உட்கார வைத்தேன். தொட்டுப் பார்த்தால் பச்சைத் தண்ணீர்போல் குளிர்ச்சி. பொத்தான் வலதுகோடியில். நதியா வந்தாள். கொஞ்ச நேரம், என் வாழ்நாளில் மறக்க மாட்டேன், நிற்காமல் பேசினாள், எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், திரும்பி வந்து இரண்டு கையையும் தூக்கி முடியை முடிந்துகொண்டே அவள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். நின்றுவிட்டாள். கை தூக்கியபடியே நின்றுவிட்டாள். நான் டபராவைத் தட்டினேன், லேப்டாப்பைத் தட்டினேன், கடைசியில் என் தலையிலும் தட்டிக்கொண்டேன். உங்கள் அத்தை மட்டும் கொஞ்சமும் சலிக்காமல் கன்னத்தில் கை வைத்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பொறுமை எனக்கு வராது.

ஆகவே வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். இந்த மெஷினின் ஆயுள் அவ்வளவுதான். தீபாவளிக்கு அங்கிருந்து யாராவது ஊருக்கு வந்தால், எவ்வளவு வேகம் முடியுமோ அவ்வளவு வேகமான புது லேப்டாப் ஒன்று கொடுத்தனுப்புங்கள். மகளை நிற்காமல் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

உங்கள் வேலையும் உடம்பும் சீராக இருக்கட்டும். நதியா உங்களைக் கோபித்துக்கொண்டால் கூடுமானவரை நீங்களே இறங்கிப் போங்கள், நான் அப்படித்தான் காலம் தள்ளுகிறேன். எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் இருவரும் வாழ உங்கள் அத்தையும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
வீ. கர்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன், நல்லதாகப் போயிற்று. இன்றைக்கும் ஞாயிறு. நதியா பேசிக்கொண்டிருக்கும்போது என் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். மேஜைக்கு அடியில் உங்கள் அத்தையின் கால் கட்டைவிரல், அந்தக் கிளிப் ஒடிந்த வயரைப் பூப்போல ஒரு இழுப்பு இழுத்தது. நெட் பெட்டியிலிருந்த பச்சை விளக்கு அணைந்தது. நிமிர்ந்தால் நதியா சிரித்தபடி நிற்கிறாள். பேனாவை எடுக்கிற சாக்கில் மறுபடி குனிந்தேன். கொஞ்ச நேரம் கழித்து விரல் வயரைத் திரும்ப உள்ளே தள்ளியது.

எல்லாம் முடிந்த பிறகு உங்கள் அத்தையிடம் கேட்டேன். "மொதத் தடவ தெரியாமத்தாங்க கால் பட்டுச்சு. ஓடுறப்ப அவ கேக்குறதுக்குப் பதில் சொல்லவே நேரம் சரியாப் போகுது. நின்னாத்தான் மொகத்தப் பாக்க முடியுது" என்றாள். "இம்புட்டு நாளா ஏன் சொல்லல?" என்றேன். "நீங்க வேகம் வேகமுன்னு சந்தோசமாத் திரிஞ்சீக, அதக் கெடுப்பானேன்" என்றாள்.

ஆகவே புது லேப்டாப் வேண்டாம். மேலே எழுதியதில் வாழ்த்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். பொத்தானை இடது பக்கம் தள்ளிவிட்டேன். வயர் பெட்டியை உங்கள் அத்தையின் கால் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தியும் வைத்துவிட்டேன், அவள் இன்னும் கவனிக்கவில்லை. உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். படம் நின்றதும் நதியா உடனே துண்டித்துவிட்டு மறுபடி கூப்பிட்டுவிடுகிறாள். இனிமேல் கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், லேப்டாப் பழசு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிடுங்கள்.