இருபத்தைந்தாவது வில்லை

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பாப்பாவும் சௌக்கியம். அங்கே உன் முட்டிவலியும் மாமாவின் முன்கோபமும் கொஞ்சமாவது குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

போன வாரம் போனில், "தாயில்லாப் பிள்ளையை நீ எப்படிடா தனியா வளர்ப்பே, என்கிட்ட அனுப்பிடு, நான் பாத்துக்கறேன்" என்றாய். அனுப்புவதாக இல்லை. நீயும் கிளம்பி வர வேண்டாம். பாப்பா போகிற ரெண்டாம் வகுப்பிலேயே பிள்ளைகளின் மனசைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதைச் செய்து கொடுத்தவனே நான்தான்.

ஒருநாள் வகுப்பு டீச்சர் என் நம்பர் பிளேட் கடைக்கு வந்தார். ஒரு பலகை, அதில் ஐந்து முகம், ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஆணிகள். பிள்ளைக்கு ஒன்றாக, பெயர் எழுதி, கயிறு கோத்த இருபத்துநாலு வட்ட வில்லைகள், இவ்வளவும் செய்து தரச் சொன்னார். காலையில் வந்ததும் அவரவர் மனசு எப்படி இருக்கோ அந்த முகத்துக்குக் கீழே தன் வில்லையை மாட்டணுமாம். சோகத்தில் மாட்டுகிற பிள்ளையை டீச்சர் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துப் பேசுவாராம். சிரிப்பு, சோகம், கோபம், பயம் வரைந்தேன். கோபம் வரையும்போது மாமா முகம் வந்து நின்றது, அவரிடம் சொல்லிவிடாதே. ஐந்தாவதாக ஒரு வெறும் முகம் வரைந்து "சும்மா" என்று எழுதினேன். "சும்மான்னா என்ன சார் அர்த்தம்?" என்று கேட்டார் டீச்சர். "எனக்கு எப்பவும் அதுதான் டீச்சர்" என்றேன்.

தொழில் புத்தி, எதை வெட்டினாலும் ஒன்று கூடுதலாக வெட்டிவிடுவேன். அப்படி வெட்டிய இருபத்தைந்தாவது வில்லை, பெயர் இல்லாமல் வெறுமனே, மற்றதோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. அங்கேதான் வினை ஆரம்பம். மறுநாளே அது சோகத்தில் தொங்கியது. டீச்சர் எடுத்து மேசைக்குள் போட்டார், அடுத்த நாள் மறுபடி சோகம். ஒன்பது நாள் இப்படி. யார் மாட்டியது என்று கேட்டால் ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. அதற்குள் பிள்ளைகள் அதற்கு "இருபத்தஞ்சு" என்று பெயர் வைத்து, கடைசி பெஞ்சில் இடம் விட்டு, பாதி ரப்பரை வெட்டி அந்த இடத்தில் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெருக்குகிற அம்மா, "அந்த ரூமுக்கு நான் போகமாட்டேன், பெஞ்சு சூடா இருக்கு" என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "உள்ள காந்தம் கீந்தம் வச்சீங்களா?" என்று கேட்கிறார். என்னத்தச் சொல்ல!

சரி, கையும் களவுமாகப் பிடிப்போம் என்று பாப்பாவைப் பள்ளி ஆட்டோவில் வரச் சொல்லிவிட்டு, இன்று காலை சீக்கிரமே போய் வராந்தா ஜன்னல் ஓரம் நின்றேன். ஆளே இல்லாத வகுப்பில் அந்த ஐந்து முகமும் என்னையே பார்த்தது. நான் வரைந்ததுதான், ஆனாலும் ஓரடி பின்னால் தள்ளி நின்றேன். முதல் ஆளாக வந்தது யார் தெரியுமா? நம்ம பாப்பா! இந்த மாசம் அவள்தான் லீடர், மேசைக்கு இருக்கிற ஒரே சாவி அவள் கழுத்தில். தன் வில்லையைச் சிரிப்பில் மாட்டினாள், அதனால்தான் யாருக்கும் அவள்மேல் சந்தேகம் வரவில்லை. மேசையைத் திறந்து வெறும் வில்லையை எடுத்துச் சோகத்தில் மாட்டினாள். கயிற்றை ஆணியில் ரெண்டு சுற்றுச் சுற்றினாள். அவள் அம்மாவும் எங்கள் வீட்டுச் சாவிக் கயிற்றை அப்படித்தான் சுற்றி மாட்டுவாள், ஒரு சுற்றில் அவளுக்கு நம்பிக்கையே கிடையாது, உனக்குத் தெரியுமே.

"அது யாரோடதும்மா?" என்றேன்.

"உங்களுதுப்பா. நீங்க ஸ்கூலுக்கு வரமாட்டீங்கல்ல, அதான் நான் மாட்டுறேன்."

"நான் எப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுவீங்களே. நானும் சோகத்துல மாட்டினா டீச்சர் உங்ககிட்ட சொல்லிடுவாங்க. அப்புறம் இன்னும் அழுவீங்க."

அக்கா, அங்கேயே உடைந்துபோய் அழுதேன். அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்தார். என்னை அந்தச் சின்ன நாற்காலியில் உட்காரவைத்தார். முட்டி ரெண்டும் தாடையில் இடிக்க, பாப்பாவின் அம்மா செத்துப்போன இந்த எட்டு மாசமாக உன்னிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னேன். பாப்பா தன் வில்லையைச் சிரிப்பிலிருந்து கழற்றி, என் வில்லைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, என்மேல் சாய்ந்துகொண்டாள்.

ஆக, மர்மம் தீர்ந்தது. பேயும் இல்லை, காந்தமும் இல்லை. சாயங்காலம் பாப்பாவே வெறும் வில்லையை மேசைக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். நாங்கள் நன்றாக இருக்கிறோம். பாப்பாவை அனுப்பச் சொல்லி இனிப் பேச்சு வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கமும், உன் பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
எப்பவும் சும்மா இருக்கும் உன் தம்பி

பி.கு.: இதைத் தபாலில் போடும்முன் விடிந்துவிட்டது. பாப்பாவுக்கு விடியற்காலையிலிருந்து காய்ச்சல், உடம்பு அனலாய்க் கொதிக்குது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல, மடியிலதான் படுத்திருக்கா. சாவி அவ கழுத்துலதான் இருக்கு. இப்பத்தான் டீச்சர் போன் பண்ணாங்க. "சார், பாப்பா வந்துட்டுப் போனாளா? மேசை பூட்டினபடி இருக்கு, ஆனா வெறும் வில்லை பலகையில தொங்குதே" அப்படின்னாங்க. நான் பாப்பா முகத்தைப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே சொல்றா: "நான் வராத அன்னிக்கு அம்மா மாட்டிடறேன்னு சொன்னாங்கப்பா. எதுல மாட்டியிருக்காங்கன்னு கேளுங்க."

கேட்டேன். "பயத்துல சார். கயிறு ரெண்டு சுத்து சுத்தியிருக்கு."

பாப்பாவோட அம்மா சரியாத்தான் மாட்டியிருக்கா அக்கா. எனக்குப் பயமா இருக்கு. மேலே எழுதினதையெல்லாம் அடிச்சிட்டதா நெனச்சுக்கோ. உன் போன் கிடைக்கல. இதைத் தபால்ல போடப்போறதில்ல, உன் ஊருக்கு வர்ற பஸ் டிரைவர் கையிலேயே கொடுத்தனுப்புறேன். அது திரும்பும்போது அதே பஸ்ஸுல கிளம்பி வா.