சாணிக்கு ஜுரம் பார்த்தவள்

நுண்ணுயிரியல் படித்து முடித்தவர்களை முதல் ஒரு வருடம் சொந்தக்காரர்கள் வீட்டுப் பக்கம் விடவே கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். பட்டம் வாங்கிய கையோடு கீழ்வேளூர் பக்கத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். போன அன்றைக்கே பால் சொம்பைப் பார்த்து ஒன்று, கைப்பிடித் துணியைப் பார்த்து ஒன்று, சித்தியின் நகத்தைப் பார்த்து ஒன்று என்று வரிசையாக எச்சரிக்கை விடுத்தேன். ("இவளுக்குச் சோறு போடலாமா வேணாமான்னு அவளையே கேட்டுச் சொல்லுங்க" என்று சித்தி உள்ளே போய்விட்டார்.)

சித்தப்பாவுக்கு அப்போது வேறு கவலை. அறுக்கிற நேரமாகப் பார்த்து வருடா வருடம் மழை வந்து சம்பா நெல்லைப் படுக்க வைத்துக்கொண்டே இருந்ததால், கறவை மாடுகள் வாங்கி, கொல்லையில் மேடான இடத்தில் புதினாவும் கொத்தமல்லியும் போட்டிருந்தார். தழை நன்றாக வந்தது. நிலையாக வாங்க ஆள்தான் இல்லை. கூத்தாநல்லூரில் ஓட்டல் நடத்தும் ஜமால் பாய், பிடித்திருந்தால் தினமும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வளைகுடாவில் பெரிய சமையலறைகளில் வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர். முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"தழைக்கு என்ன எரு போடறீங்கண்ணே?"

"நம்ம மாட்டுச் சாணிதான் பாய். பச்சையா, அப்படியே. ஒரு கலப்படம் கிடையாது" என்றார் சித்தப்பா பெருமையாக.

பாயின் முகம் மாறிவிட்டது. "நம்ம கடைச் சட்னி பச்சையா அரைக்கிறதுண்ணே. சாணியில இருக்கிற கிருமி நேரா சாப்பிட வர்றவன் வயித்துக்குப் போயிடும். மக்க வச்சுப் போடுங்க. வந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்."

இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தானே நான் படித்ததே!

சாணியையும் வைக்கோலையும் மாற்றி மாற்றி அடுக்கி, அளவாக ஈரம் விட்டு, காற்றுப் புகும்படி குவித்தால், உள்ளே இருக்கும் நல்ல கிருமிகள் வேலையைத் தொடங்கிவிடும். அந்த வேலையில் குவியல் தானாகவே சூடேறும். அந்தச் சூட்டில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் சாகும். ஓரத்தில் இருப்பதும் நடுவுக்கு வந்து வேக வேண்டும் என்பதால் அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். அடுப்பும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

நீளக் கம்பி வைத்த வெப்பமானி ஒன்று வாங்கி வந்து காலையும் மாலையும் குவியலில் குத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கலா அக்கா மொட்டை மாடியில் நின்று விசாரிப்பார். "என்னடி, சாணிக்கு ஜுரம் விட்டுச்சா? கஞ்சி குடுத்தியா?"

தை மாதப் பனி. விடிந்தும் விடியாமல் சித்தப்பா துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து குவியல் பக்கத்தில் நிற்பார். கையை மேலாக வைத்தாலே கதகதவென்று இருக்கும். இருவரும் குளிர்காய்ந்துகொண்டு நிற்போம். ஒரு காலையில் முள், கெட்ட கிருமிகள் சாகிற அறுபது டிகிரியைத் தொட்டது. "அறுபது!" என்று கத்தினேன். என்ன ஏது என்று புரியாமலே அவரும் சந்தோஷப்பட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாய் வருகிற அன்று ஒரு காட்சி காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. புரட்ட வேண்டிய குவியலைப் புரட்டாமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். அவர் உள்ளே நுழையும்போது திறந்தால் ஆவி பொங்கி எழும், மனிதர் அசந்துபோவார் என்று கணக்கு. யாரிடமும் சொல்லவில்லை. (சொன்னால் சுவாரசியம் போய்விடுமாம்!)

வாசலில் பைக் சத்தம் கேட்டதும் தார்ப்பாயை இழுத்தேன். சித்தப்பா மண்வெட்டியால் ஒரு புரட்டுப் புரட்டினார். வெள்ளை வெளேரென்று ஆவி கிளம்பியது. அந்த நேரம் பார்த்து அடித்த காற்று அதை அப்படியே வைக்கோல் போர் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. மாட்டுக்கு வருடம் பூராவும் தீனி அந்தப் போர்தான்.

"ஐயையோ! போர் பத்திக்கிச்சு! ஓடி வாங்க!" என்றார் மாடியிலிருந்து கலா அக்கா.

தெருவே வாளியோடு வந்தது. ஜமால் பாய் அதற்கு முன்னால் வந்தார். தீ என்றால் என்ன செய்ய வேண்டும் என்று வெளிநாட்டில் முறையாகப் பயிற்சி எடுத்தவர். மோட்டாரைப் போட்டு, குழாயை இழுத்து வந்து, புகை வரும் இடத்தைக் குறி பார்த்துப் பிடித்தார்.

"ஊத்தாதீங்க! அது நெருப்பு இல்ல, ஆவி!" என்று கையை விரித்துக் குறுக்கே நின்றேன்.

"பாவம், பயத்துல உளறுது புள்ள" என்று யாரோ என்னை இழுத்துப் போய் மாட்டுக்கொட்டகையில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். (முகத்திலும் கொஞ்சம் தெளித்தார்கள்.)

சூட்டின் மேல் தண்ணீர் விழ விழ ஆவி கூடியது. ஆவி கூடக் கூட, "இன்னும் அணையல, ஊத்துங்க!" என்று வாளிகளும் கூடின. கடைசியில் சித்தப்பாவே மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"நீங்களுமா சித்தப்பா?"

"இத்தனை பேர் சொல்றாங்களேம்மா!"

குவியல் சரிந்தது. வெந்ததும் வேகாததும் கலந்த பழுப்புத் தண்ணீர் பாத்திகளுக்குள் இறங்கி, புதினாவையும் கொத்தமல்லியையும் முழுக்காட்டிவிட்டது. எது தழையில் படவே கூடாது என்று இத்தனை நாள் பாடுபட்டேனோ, அதை ஊரே கூடிக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

எல்லாம் அடங்கியபின் விஷயத்தைச் சொன்னேன். "ஆவி வரும்னு முன்னாடியே சொல்லித் தொலைய வேண்டியதுதானேடி?" என்றார் கலா அக்கா.

முழங்கால்வரை சாணியோடு நின்ற ஜமால் பாய்க்குத்தான் மனசு கேட்கவில்லை. "நான் பண்ணின வேலை இது. இன்னைக்குத் தழையை நானே எடுத்துக்கறேண்ணே. கழுவிக்கலாம்."

சித்தப்பா முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. வாயைத் திறக்காதே என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கும் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தது.

"வேணாங்க" என்றேன். "ஓரத்துல இருந்த சாணி வேகலை. அது தழை மேல பட்டிருக்கு. எவ்வளவு கழுவினாலும் முழுசாப் போகாது. பச்சையா அரைக்கக் கூடாதுங்க."

"இவ படிப்புல தீய வைக்க!" என்றார் சித்தி பின்னாலிருந்து.

பாய் குழாயைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மறுபடி குவியல் போடு. அந்த எருவுல வளர்ற தழையை எடுத்துக்கறேன். ஆனா வெட்டலாம்னு நீதான் சொல்லணும். உங்க சித்தப்பா சொன்னா செல்லாது."

அதன்பின் சித்தப்பா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வெட்டிய தழையெல்லாம் குப்பைக்குப் போனது. ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று நான் பையை எடுத்து வைத்திருந்த காலையில் கொல்லையில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் தனியாக நின்று வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்தார். "என்ன நிக்கிற? சாணியை எடுத்துட்டு வா."

இந்த முறை புரட்டுவதற்கு முதல் நாளே அவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "நாளைக்கு எங்க கொல்லையில புகை மாதிரி வரும். யாரும் வர வேணாம்." மறுநாள் எல்லாரும் வந்தார்கள், வாளி இல்லாமல். புதினா அடுத்த முறை தழைத்ததும் கூத்தாநல்லூர் போயிற்று, இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

போன வருடம் என் கல்யாணம். காலை டிபனுக்கு இட்லிக் கொப்பரையைத் திறந்தார்கள். சமையல் கொட்டகையிலிருந்து ஆவி குப்பென்று பந்திப் பக்கம் வந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜமால் பாய் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அண்ணே, மோட்டார் எங்க இருக்கு?" என்றார். சித்தப்பா தெரு ஆட்கள் இலையை மறந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சித்தப்பாதான் அவர்களை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் விவரமாகச் சொன்னார். வாளியோடு ஓடியவர்களின் பெயர்களைக்கூட ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரே ஒரு பெயரைத் தவிர.