பருந்துக்கு ஆட்டின துவாய்

போன சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். உடப்புக் கடற்கரையில மாமாட கரைவலையை ட்ரோன்ல படம் எடுக்கிறது.

காலையில போறது, பத்து நிமிஷம் பறக்க விடுறது, மத்தியானம் மாமி வைக்கிற மீன் கறியைச் சாப்பிட்டுட்டு வீட்ட வாறது. அவ்வளவுதான்!

என்னைத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எனக்குச் சொந்த ஊர் முன்னேஸ்வரம். சிலாபத்தில சின்னதா ஒரு ஸ்டூடியோ வச்சிருக்கேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, அடையாள அட்டைப் படம் எல்லாம் எடுப்பேன். பொண்ணு எடுத்தது மட்டும் உடப்பில.

பொண்ணு பார்க்கப் போன அண்டைக்கு மாமா கேட்டார், "தம்பிக்குக் கடல் வேலை தெரியுமா?"

"இல்லைங்க. போட்டோ எடுப்பேன்."

"ஓ" எண்டார்.

இப்ப ஏழு வருஷம். என்ட தொழிலைப் பத்தி மாமா சொன்ன ஒரே கருத்து அந்த "ஓ"தான்! நானும் அவருக்கு எத்தனை அல்பம் காட்டியிருப்பேன். புரட்டிப் பார்த்துட்டு, "சாப்பிட்டீங்களா மாப்புள?" எண்டு கேட்பார். ஒரு தடவையாவது அவர் வாயால "நல்லா இருக்கு" எண்டு கேட்கணும். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா ஆசை அதுதான்.

அதுக்குத்தான் அந்த வீடியோ கண்ணாடியை வாங்கினேன்.

இவ்வளவு நாளும் போன் திரையைப் பார்த்துத்தான் ட்ரோன் ஓட்டினேன். வெயில்ல திரையில என்ட மூஞ்சிதான் தெரியும். இந்தக் கண்ணாடி அப்படியில்ல. பெட்டி மாதிரிக் கண்ணை முழுசா மூடிடும். ட்ரோன் மேல இருந்து பார்க்கிறது மட்டும்தான் நமக்குத் தெரியும். யூடியூப்ல ஒருத்தர், "இதைப் போட்டா நீங்களே பறவை!" எண்டு கையைத் தட்டித் தட்டிச் சொன்னார். கீழ நிக்கிற மிச்ச உடம்பு என்ன ஆகும் எண்டு அவர் சொல்லல்ல.

முதல்ல வீட்டு வளவுக்குள்ள ஓட்டிப் பார்த்தேன். ட்ரோன் தென்னோலைக்கு நேரா போச்சு. நான் சடாரெண்டு குனிஞ்சேன். தண்ணித் தொட்டியில நெத்தி இடிச்சது.

என்ட மனுசி திலகா ஓடி வந்தா. "தென்னைமரம் அந்தப் பக்கம் நிக்குது. நீங்க ஏன் இங்க குனியிறீங்க?"

"அனுபவம் அப்படி! நானே பறக்கிற மாதிரி இருக்கு."

"பறக்கிறவருக்கு நெத்தி வீங்காது" எண்டுட்டுப் போயிட்டா.

சனிக்கிழமை காலையில கடற்கரைக்குப் போனா மாமா பரபரப்பா நிக்கிறார். மூண்டு கிழமையா வலையில உருப்படியா ஒண்டும் விழல்லையாம். அண்டைக்குத் தண்ணி நிறம் மாறியிருக்காம். சூடை மீன் கூட்டம் கரையை ஒட்டி வருதாம்.

கரைவலை பார்க்காதவங்களுக்குச் சுருக்கமாச் சொல்றேன். தோணி வலையோட கடல்ல காத்துக்கிட்டு நிக்கும். மாமா கரையில மணல் மேட்டில ஏறி நிண்டு தண்ணியையே பார்ப்பார். மீன் சரியான இடத்துக்கு வந்ததும் தோள்ல கிடக்கிற வெள்ளைத் துவாயை எடுத்து ஆட்டுவார். உடனே தோணிக்காரங்க வலையை இறக்கிடுவாங்க. பிறகு கரையில நிக்கிற நாப்பது பேர் சேர்ந்து இழுப்பாங்க.

"மாமா, படம் எடுக்கட்டா?"

"எடுங்க. வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாது."

"வரவே வராது மாமா!"

கொஞ்சம் தள்ளி ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடியை மாட்டினேன். ஓரத்தால வெளிச்சம் உள்ள வந்திச்சு.

"திலகா, தலையை மூட ஏதாவது தாங்க."

அவ பையில இருந்து ஒரு துவாயை எடுத்துத் தலையில போட்டு விட்டா. வெள்ளைத் துவாய். அந்த நேரம் எனக்கு நிறமா முக்கியம்?

"பக்கத்திலேயே நில்லுங்க. இப்ப நீங்கதான் எனக்குக் கண்" எண்டேன். அந்த யூடியூப்காரர் சொன்ன ஒரே உருப்படியான அறிவுரை அது.

"ஓம் ஓம், நிக்கிறேன்" எண்டா. ரெண்டு நிமிஷத்தில சித்தி மகளைக் கண்டு கதைக்கப் போயிட்டா. என்ட கண் போனது எனக்கே தெரியாது.

மேல போனா, என்ன சொல்ல! நீலக் கடல், வெள்ளை நுரை, நடுவில தோணி. தண்ணிக்குள்ள கறுப்பா ஒரு நிழல் மெல்ல மெல்ல நகருது. மேக நிழல் எவ்வளவு அழகு எண்டு அதையும் நல்லா எடுத்தேன்.

அப்பதான் பருந்து வந்திச்சு.

தூரத்தில ஒரு புள்ளி. பிறகு ரெக்கை. பிறகு கால் நகம், கண், எல்லாம்! நேரா என்ட மூஞ்சிக்கே வருது. ட்ரோனுக்குத்தான் வருது எண்டு ஒருத்தர் அப்ப சொல்லியிருக்கலாம். யாரும் இல்ல.

எழும்பினேன். தலையில கிடந்த துவாயை உருவினேன். ரெண்டு கையாலயும் பிடிச்சு, "சூ! சூ!" எண்டு வீசினேன் பாருங்க ஒரு வீச்சு!

பருந்து முன்னூறு அடி உயரத்தில. துவாய் என்ட கையில.

ஆனா பருந்து விலகிப் போச்சு! நான் விரட்டினதாலதான் போச்சு எண்டு பெருமையா மூச்சு விட்டேன். கீழ பார்த்தா, தோணியில இருந்து வலை கடகடவெண்டு இறங்குது. "அடடா, சரியான நேரத்தில மாமா சைகை காட்டியிருக்கார்!" எண்டு நினைச்சு, அதையும் சுத்திச் சுத்தி எடுத்தேன்.

தூரத்தில யாரோ கத்துற சத்தம் கேட்டிச்சு. உற்சாகப்படுத்துறாங்க எண்டு நினைச்சேன்.

யாரோ கண்ணாடியை இழுத்துக் கழட்டினாங்க. திலகா!

"என்ன செஞ்சீங்க?"

"பருந்தை விரட்டினேன்."

அவ மணல் மேட்டைக் காட்டினா. மாமா நிக்கிறார். அவர்ட துவாய் மடிப்புக் கலையாம தோள்லயே கிடக்குது.

உண்மையாச் சொல்றேன், அந்த இடத்திலேயே மணலைத் தோண்டிப் புதைஞ்சிடலாம் எண்டு இருந்திச்சு.

வலையை ஒருக்கா இறக்கினா இறக்கினதுதான். உள்ள ஒண்டும் இல்லை எண்டு தெரிஞ்சே நாப்பது பேரும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல இழுத்தாங்க. நானும் கயித்தைப் பிடிச்சேன். உள்ளங்கை உரிஞ்சு போச்சு.

உடப்பில வீட்டு மாப்பிள்ளையை நேர ஏச மாட்டாங்க. அது மரியாதை. அதால எல்லாரும் பருந்தை ஏசினாங்க.

"அந்தப் பருந்துக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?"

"பெட்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு வந்தா இப்படித்தான்! பருந்தைச் சொல்றேன் மாப்புள, நீங்க யோசிக்காதீங்க."

"படிச்ச பருந்தா இருக்கும்!"

தோணியில இருந்து இறங்கி வந்த மச்சான் மட்டும் என்ட தோளைத் தட்டி, "துவாய் நல்லாத் தெரிஞ்சிச்சு மச்சான்" எண்டான்.

வலையில வந்தது பாசி, பிளாஸ்டிக் போத்தல், நாலு நண்டு, ஒத்தைச் செருப்பு. பக்கத்து வலைக்காரங்களுக்கு அண்டைக்குச் சூடை அள்ள முடியாத அளவு.

மத்தியானம் மாமி பருப்புக் கறி வச்சா. நான் குனிஞ்ச தலை நிமிராம தின்னுக்கிட்டு இருக்கிறேன். மாமா கை கழுவிட்டு வந்து, "அந்தப் படத்தைப் போடுங்க பார்ப்போம்" எண்டார்.

"வேணாம் மாமா."

"போடுங்க."

டீவியில போட்டேன். கடல், தோணி. அந்தக் கறுப்பு நிழல் வந்ததும் மாமா கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டார். அது மேக நிழல் இல்லையாம். சூடைக் கூட்டமாம்! பிறகு பருந்து, கீழ ஓரத்தில துவாயோட துள்ளுற ஒரு பைத்தியக்காரன், இறங்குற வலை.

கண்ணாடியைக் கழட்டின பிறகும் ட்ரோன் பற்றரி இறங்கிற வரைக்கும் தன்பாட்டில அங்கேயே நிண்டு எடுத்திருக்கு. என்ட கை படாத அந்தப் பகுதிதான் ஆட்டமே இல்லாம வந்திருந்திச்சு. சூடைக் கூட்டம் எங்கட வெறும் வலையைச் சுத்திக்கிட்டு, ஆறுதலா வடக்க போய், பக்கத்து வலைக்குள்ள ஒண்டு விடாம நுழையிற வரைக்கும் எல்லாம் இருக்கு.

மாமா ரெண்டு தரம் போட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு மாப்புள. மீன் போன பாதை அப்படியே தெளிவாத் தெரியுது."

ஏழு வருஷத்தில மாமா என்ட தொழிலைப் பாராட்டினது அண்டைக்குத்தான்.