ஒரே ஒரு பார்ட்டுதான் பாக்கி

மனிதர்களில் இப்படி ஓர் இனம் உண்டு: பழைய ஜீப் ஒன்றை வாங்கி, வீட்டு வாசலிலேயே போட்டு, தன் கையாலேயே அதைப் புதுசாக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பியவர்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். வண்டி நிறுத்தும் இடத்தில் நீலத் தார்ப்பாய் போர்த்திய மேடு ஒன்று இருக்கும். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்டால் கால்கள் பதில் சொல்லும். நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு, சாப்பிடும் சாம்பார் சாதத்தில் லேசாக கிரீஸ் வாசனை, மூச்சுக்கு ஒரு தடவை 'ஒரிஜினல்' என்ற வார்த்தை. எல்லாம் பேசலாம் அவரிடம். வண்டி எப்போது ஓடும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

"ஆச்சு சார். ஒரே ஒரு பார்ட்டுதான் பாக்கி."

அந்த ஒரே ஒரு பார்ட்டு வந்து சேர்ந்ததும் இன்னொரு ஒரே ஒரு பார்ட்டு முளைக்கும். சொட்டு ரத்தத்துக்கு ஓர் அசுரனாக முளைத்த ரத்தபீஜன் தோற்றான்.

எங்கள் ஆம்பூரில் இந்த இனத்தின் பிரதிநிதி ஜெயப்பிரகாஷ். ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற அதிகாரி. தையல் ஒரு நூல் விலகினாலும் ஷூவைத் தூக்கி ஓரம் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறவர். அப்படிப்பட்ட கறார் மனிதர், அமிர்திப் பக்கம் ஒரு மாந்தோப்பில், கோழிகள் குடியிருந்த ஜீப் ஒன்றைப் பார்த்தார். டயர் இல்லை. கதவு இல்லை. அடித்தகடு பாதி இல்லை. டிரைவர் சீட்டில் ஒரு பெட்டைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பார்த்த மாத்திரத்தில் இவருக்குக் காதல். குஞ்சு பொரிக்கும்வரை பொறுக்க வேண்டும் என்று தோப்புக்காரர் சொன்னாராம், பொறுத்தார். பெண் பார்த்தபோதுகூட அவ்வளவு பொறுமை காட்டவில்லை என்று அவருடைய மாமனாரே பிற்பாடு சொன்னார்.

லாரியிலிருந்து அதை இறக்கிய அன்று தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அவர் மனைவி ஹேமலதாவும் வாசலுக்கு வந்து பார்த்தார். கணக்கு டீச்சர். எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மீதி எப்பங்க வரும்?"

மீதி ஏதும் கிடையாது, இதுதான் முழு வண்டி, பொங்கலுக்குள் ஓடும் என்று ஜெயப்பிரகாஷ் விளக்கினார். எந்தப் பொங்கல் என்று அவர் சொல்லவில்லை, டீச்சரும் கேட்கவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது.

பிரிக்கும் வேலை சட்டென்று முடிந்துவிட்டது. பிரிப்பது எப்போதுமே சுலபம். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள். சேர்ப்பதற்குத்தான் வீடு போதவில்லை. கியர் பாக்ஸ் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார, சாப்பிடுகிறவர்கள் நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டார்கள். இட்லிக் குண்டானில் எண்ணெய் ஊற்றி பேரிங்கை வேகவைத்தார் ஜெயப்பிரகாஷ். சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்பது இவர்கள் சாஸ்திரம். அதன்படி ஃப்ரீஸரில் ஐஸ்கிரீம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு வளையங்கள் உறைந்து கிடந்தன. டீச்சருடைய ஸ்கூட்டர் தெருவுக்கு வந்து, வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, ஒரு நாள் சீட் கிழிந்தது. அவர் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். இரண்டு பேருக்கும் நடுவில் பெரிய சண்டை ஏதும் இல்லை. பிளாஸ்டிக் பையின் மேல் உட்கார்ந்து போகும் பெண்மணியைப் பார்த்துத் தெருதான் கோபப்பட்டது.

ஜீப்பின் சீட் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஜெயப்பிரகாஷின் சிநேகிதர் நிசார் அஹமது மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஷாப் வைத்திருப்பவர். ரெக்சின் போட்டுக்கொள்ளுங்கள், துடைத்தால் போய்விடும் என்று அவர் நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார். ஜெயப்பிரகாஷ் கேட்பாரா? தோல் ஊரில் பிறந்தவன் ரெக்சினில் உட்காருவதா? ஷாப்பில் பாதி பதனிட்டுக் காயப்போட்டிருந்த எருமைத்தோல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மீதிப் பதத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டார். "மழை கிழை பட்டா பேஜாராயிடும் சார்" என்று நிசார் வாசல்வரை வந்து சொன்னார். யார் காதில் விழுந்தது?

கடைசியில் வண்டி ஓடியது. பொய் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனைவரை போய்த் திரும்பியது. புகையைப் பார்த்து, கொசு மருந்து அடிக்க வந்திருக்கிறார்கள் என்று இரண்டு வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சருக்குப் பதவி உயர்வு வந்தது. வேலூர் போகிற வழியில் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியை. பொறுப்பேற்கும் நாளில் வரவேற்பு விழா, மாலை, மேடை, எல்லாம் ஏற்பாடு. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றார் டீச்சர். தலைமையாசிரியை பஸ்ஸில் போய் இறங்கினால் பிள்ளைகள் எப்படி மதிப்பார்கள் என்று கேட்டார் ஜெயப்பிரகாஷ். பானெட்டில் சாமந்தி மாலை கட்டினார். டீச்சர் புதுப் பட்டுப்புடவையோடு வந்து ஏறி உட்கார்ந்தார். ஏன் ஏறினார் என்று என்னைக் கேட்காதீர்கள். இத்தனை நாள் பட்டதற்கு ஒரு தடவையாவது இதில் உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று நினைத்திருப்பார். அல்லது, அந்த மனிதர் முகத்தைப் பார்த்து மறுக்க மனசு வராமல் இருந்திருக்கும். கல்யாணம் என்பது இந்த மாதிரி இடங்களில்தான் நடந்துகொண்டிருக்கிறது.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. தார்ப்பாயில் ஓட்டை. சீட் நன்றாக ஊறியிருந்தது.

பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் வண்டி இரண்டு தடவை இருமியது. பிறகு நின்றது. நெடுஞ்சாலை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, இவர் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். முதலில் ஒரு நாய் வந்தது. சீட்டை முகர்ந்து பார்த்தது. அது போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பள்ளிகொண்டாவின் நாய்கள் எல்லாம் வந்து, விருந்துக்குப் பந்தி போட்டது மாதிரி வண்டியைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்தன.

விழா தொடங்கும் நேரம் நெருங்கிவிட்டது. டீச்சர் இறங்கி நின்றார்.

"இத இப்படியே விட்டுட்டு வாங்க. விழா முடிஞ்சி வந்து பாத்துக்கலாம்."

ஜெயப்பிரகாஷ் வண்டியைப் பார்த்தார். நாய்களைப் பார்த்தார். மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

"கதவு இல்ல ஹேமா. சீட்ட தின்னுடும். நீ போம்மா, நான் வந்துடறேன்."

டீச்சர் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றார். அந்த வழியாக ஷூ கம்பெனி வேன் ஒன்று பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தது. சாலையோரம் பட்டுப்புடவையில் ஓர் அம்மா, மாலை போட்ட ஜீப், சுற்றிலும் நாய்கள். வேன் நிற்காமல் எப்படிப் போகும்? அதில் ஒருத்தியின் மகள் அதே பள்ளியில் படிக்கிறாள். விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி தன் தலையில் இருந்த பூவில் பாதியைக் கிள்ளிக் கொடுத்தாள். பள்ளி வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வேன் வேலைக்குத் திரும்பியது. விழா நன்றாகவே நடந்தது. மேடையில் டீச்சருக்குப் பக்கத்தில் இருந்த சிறப்பு விருந்தினர் மட்டும் எதையோ மிதித்துவிட்ட நாற்றமா என்று இரண்டு மூன்று தடவை தன் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். முன்வரிசையில் கணவருக்காகப் போட்டிருந்த நாற்காலி கடைசிவரை காலியாக இருந்தது.

சாயங்காலம் ஒரு டிராக்டர் ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. ஜெயப்பிரகாஷ் குதித்து இறங்கி நேரே உள்ளே ஓடினார். கோளாறைக் கண்டுபிடித்துவிட்டாராம். பெட்ரோல் குழாயில் கோழி இறகு. அது எப்படி உள்ளே போனது, எங்கே அடைத்தது, எந்தக் கம்பியை வளைத்து எப்படி எடுக்கப்போகிறார் என்று ஒன்று விடாமல் சொன்னார். டீச்சர் தட்டு வைத்தார், சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "வித்துடுங்க" என்றார்.

அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை. அப்போதுதான் நாற்காலியில் மடித்து வைத்திருந்த பொன்னாடை ஜெயப்பிரகாஷின் கண்ணில் பட்டது. கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. இந்த இனத்துக்கும் மனசு உண்டு. கொஞ்சம் தாமதமாக ஸ்டார்ட் ஆகும்.

விளம்பரம் கொடுத்தார். ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் ஏலகிரியில் விடுதி நடத்துகிறவர். வண்டியை வாசலில் நிறுத்தி, உள்ளே மண் கொட்டிப் பூச்செடி வைக்கப்போவதாகச் சொன்னார். ஜெயப்பிரகாஷ் அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார். அடுத்தவர், வேறு இன்ஜின் போட்டு, பின்னால் பெரிய ஸ்பீக்கர் கட்டப்போவதாகச் சொன்னார். பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் மாப்பிள்ளை குடிப்பான் என்று கேள்விப்பட்ட தகப்பன் முகம் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

மூன்றாவதாகக் காட்பாடியிலிருந்து டேனியல் வந்தார். பாங்கில் வேலை. வெள்ளைச் சட்டை. கூடவே புது மனைவி பிரிசில்லா. வணக்கம் சொன்ன கையோடு டேனியல் தரையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். ஜெயப்பிரகாஷுக்குக் கண் கலங்கியது. இவரும் பக்கத்தில் படுத்து உள்ளே போனார். அதன் பிறகு வாசலில் நான்கு கால்கள்தான் பேசிக்கொண்டிருந்தன.

சமையலறையில் டீச்சர் டீ போட்டார். பிரிசில்லா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, இதுக்கு எடம் ரொம்ப வேணுமா? நான் வீட்டுல தையல் கிளாஸ் எடுக்கறேன். அந்த ரூம்ல பார்ட்ஸ் வெச்சிக்கலாம்னு சொல்றாரு. கொஞ்ச நாளுக்குத்தானாம்."

டீச்சர் அடுப்பை அணைத்தார். வண்டி போக வேண்டும் என்று அவரைவிட ஆசைப்பட்டவர் ஊரில் யாரும் இல்லை. கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வாசல் காலி. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். மேஜைக்கு அடியில் கிடந்த கியர் பாக்ஸின் உறையைக் காட்டினார். ஃப்ரீஸரைத் திறந்து காட்டினார்.

"வேணாம்மா. இந்தப் பாவத்த நான் செய்யமாட்டேன். அவரக் கூட்டிட்டுக் கெளம்பு."

பிரிசில்லா புத்திசாலி. வெளியே போய், அம்மாவுக்கு மயக்கம் என்று போன் வந்ததாகச் சொல்லி, கணவனைக் காலைப் பிடித்து இழுக்காத குறையாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். டேனியல் தெரு திரும்பும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

நல்ல பையன், அவனிடம் கொடுத்திருக்கலாம் என்று ஜெயப்பிரகாஷ் வருத்தத்தோடு வந்து நின்றார். நான்தான் வேண்டாம் என்றேன் என்று டீச்சர் சொன்னார். ஜெயப்பிரகாஷின் முகம் மலர்ந்துவிட்டது.

"உனக்கும் வண்டி மேல பாசம் வந்துடுச்சி இல்ல?"

"அந்தப் பொண்ணு மேல."

ஜெயப்பிரகாஷ் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அன்றைக்கு மேடையில் என்ன பேசினாய் என்று கேட்டார். இத்தனை நாளில் முதல் தடவையாக. பாத்திரம் எல்லாம் கழுவி முடித்த பிறகு டீச்சர் சொன்னார். முழுவதும் சொன்னார். கூட்டத்தில் யார் யார் அழுதார்கள், காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே பேசியது எப்படி இருந்தது, அதையும் சொன்னார். அவர் குறுக்கே பேசவில்லை. கையில் ஸ்பேனர் இருந்தது உண்மைதான். ஆனால் அதைத் திருப்பவில்லை.

மறுநாள் ஜீப் தெருவுக்கு வந்தது; ஸ்கூட்டர் வாசலுக்குள் போனது, புது சீட்டோடு. தினமும் காலையில் ஜெயப்பிரகாஷ் டீச்சரை ஸ்கூட்டரில் ஏற்றி பஸ் நிலையத்தில் விட்டுவிட்டு வருகிறார். ஜீப் ஓடுகிறதா என்றால், இன்னும் ஒரே ஒரு பார்ட்டு பாக்கி இருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு வந்ததில், அது எந்த வருஷத்து மாடல், இன்ஜின் ஒரிஜினல்தானா, இன்னும் விலைக்கு இருக்கிறதா என்று ஒரு கணம் உள்ளே ஓடியதா? ஒரு நடை நேரில் பார்த்துவிட்டு மட்டும் வந்துவிடலாமே என்று தோன்றுகிறதா? தாராளமாக வாருங்கள், முகவரி தருகிறேன். தனியாக மட்டும் வராதீர்கள். வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். டீச்சருக்கு அவரிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.