ஹங்கேரி மந்திரிக்கு வாடகை வீடு

விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகம் இருந்தது. நிலுவையில் உள்ள கோப்புகள் ஏன் நிலுவையில் உள்ளன என்று ஆராய்வதே அதன் பணி. 1986-ஆம் ஆண்டு அந்த அலுவலக மனமகிழ் மன்றம், ஆண்டு விழாவில் உலகத் தரத்தில் ஒரு நாடகம் போடுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஊரெல்லாம் டி.வி. வந்துவிட்டதாம், இனி ராஜா ராணி நாடகம் போட்டால் பார்ப்பவன் காறித் துப்புவானாம்.

சூப்பிரண்டு தேவநாதனே நாடகம் எழுதி, ஜெர்மன் தூதர் வேஷத்தையும் தானே எடுத்துக்கொண்டார். ஹங்கேரி மந்திரி வேஷத்துக்கு கிளார்க் ராஜவேலு வலியப் போய்ச் சேர்ந்தான். நடிப்பாசையெல்லாம் இல்லை. தேவநாதன் வீட்டில் ஒரு போர்ஷன் காலி. ராஜவேலுவின் பெண்சாதி கிளியம்மாள் திண்டிவனத்தில் நிறைமாசமாக இருந்தாள். இவன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்தால், அவளுக்கு ஆத்திர அவசரத்துக்கு யார் இருக்கிறார்கள்? விழுப்புரத்தில் போய்க் கேட்ட வீட்டிலெல்லாம், ஊர்ல எந்தத் தெரு, இன்னா ஆளுங்க என்றார்கள். ராஜவேலுவுக்கு ஒரு வீம்பு. மனுஷ ஆளுங்க என்பான். உடனே வீட்டுக்காரருக்குத் தன் தம்பி குடிவரப்போவது ஞாபகம் வந்துவிடும். அந்த வருஷம் விழுப்புரத்துக்குக் குடிவந்த தம்பிகளுக்குக் கணக்கே கிடையாது.

நாடகக் கதை இதுதான். உலகப் போர் நடக்கிறது. ஹங்கேரி ஜெர்மனிக்குக் கூட்டாளி. ஆனால் யூதர்களைப் பிடித்து அனுப்பு என்றால் மட்டும், ஆகட்டும் பார்க்கலாம் என்று இழுத்தடிக்கிறது. அனுப்பினால் அவர்கள் உயிரோடு திரும்புவதில்லை. ஜெர்மன் தூதருக்குச் சந்தேகம் தட்டுகிறது. மந்திரியே யூதனாக இருப்பானோ? அவன் பெண்டாட்டி? பெண்டாட்டியின் பாட்டி?

அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற இடத்தில் ஒத்திகை நின்றுவிட்டது. ஜெர்மன்காரன் மூக்கை அளந்தானாம். தேவநாதனுக்கு அது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. குலதெய்வம் எது என்று கேட்டால் தீர்ந்தது என்று எழுதிவிட்டார். யூதருக்குக் குலதெய்வம் ஏது சார் என்றாள் டைப்பிஸ்ட் கிருஷ்ணவேணி.

"இல்லைன்னா மாட்டிக்குவான் இல்ல? அதுக்குத்தாம்மா கேக்கறது" என்றார் தேவநாதன்.

விழா அன்று கூட்டம் நெரிந்தது.

"யூதருங்களை ஏன் அனுப்பலை?" என்றார் தூதர்.

"அவங்க எங்க ஜனங்க."

"யூதனுக்குப் பரிஞ்சு பேசறவன் யூதன்தான்."

"நான் யூதன் இல்லை."

"யூதன்தான் இல்லைன்னு சாதிப்பான்."

"சரி, நான் யூதன்தான்."

"ஒத்துக்கினான்! பெர்லினுக்குத் தந்தி அடி!"

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் தூதர் குலதெய்வத்தைக் கேட்டபோது ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. பதில் காதில் விழவேண்டுமே என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

தலைமை தாங்கிய மேலதிகாரி அப்பாதுரை ஒலிபெருக்கியைப் பிடித்து, மனிதனை மனிதனாகப் பார்க்கத் தெரியாத இப்படிப்பட்ட மூடர்களும் உலகில் இருந்தார்களே என்று கண்கலங்கினார். நல்லகாலம், நம் மண்ணில் அந்தக் கேடு இல்லை என்றார். நாடகத்துக்குத் தட்டியதைவிட அதற்குத்தான் கைத்தட்டல் அதிகம்.

வேஷம் கலைக்கும் அறைக்குள் ராஜவேலு போனான். அன்று காலையில்தான் கிளியம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் என்னைத் தனியா வுட்டுட்டுப் போவாதே என்று அழுதிருந்தாள். போர்ஷனைப் பற்றிக் கேட்டான். தேவநாதன் முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே, அது வந்துப்பா, எந்தம்பி ஒருத்தன், என்று ஆரம்பித்தார்.

ராஜவேலு முடிக்கவிடவில்லை. வீம்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. தன் குலதெய்வம் இன்னது, கோயில் மயிலத்துக்குப் பக்கம் இன்ன ஊரில் இருக்கிறது என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். எந்தச் சாமி என்று இங்கே எழுதுவதாக இல்லை. எழுதினால் நீங்களும் கணக்குப் போட்டுவிடுவீர்கள்.

தேவநாதன் முகம் மலர்ந்துபோயிற்று.

"அட, நம்மாளா நீ! மொதல்லியே சொல்லக் கூடாதாப்பா? ஞாயித்துக்கிழமையே வந்து பால் காய்ச்சிடு."

ராஜவேலுவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. சாவியை வாங்கி ஹங்கேரி மந்திரியின் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். கதவுவரை போனவன் என்ன தோன்றியதோ, திரும்பிவந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வயித்துப்புள்ளைக்காரி சார், அக்கம்பக்கத்துல குடுத்து வாங்கிக்கினு இருக்கணும், அதான் கேக்கறேன். பக்கத்துப் போர்ஷன்ல இருக்கறவங்களும் நம்மாளுங்கதானே?"